அருளால் மீட்பு என்றால் கீழ்ப்படிதல் எதற்கு?

கடவுளின் கிருபையால் பாவத்திலிருந்து இலவசமாக மீட்பு கிடைக்கிறது என்றால் கட்டளைக்கு ஏன் கீழ்ப்படிய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கிருபை என்று நீங்கள் எழுதியதைத் தேவகோட்டைப் பக்கத்துக் கத்தோலிக்கர்கள் நாங்கள் அருள் என்போம். பொருள் ஒன்றுதான்.

நான் காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவன். வரவு, பற்று, நிலுவை என்றே பழகிய மனம். கடவுளையும் நெடுங்காலம் அப்படித்தான் பார்த்தேன். ஞாயிறு திருப்பலி, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஒருசந்தி நோன்பு, புனித அருளானந்தரின் திருத்தலமான ஓரியூருக்கு நடைப்பயணம் எல்லாம் என் பேரேட்டின் வரவுப் பக்கம். மனைவி நோயில் படுத்தபோது அந்தப் பக்கத்தைக் காட்டி ஆண்டவரிடம் வழக்காடினேன். லூக்கா நற்செய்தி 15இல், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிய ஊதாரி மைந்தனைத் தந்தை விருந்து வைத்து வரவேற்றபோது, அவன் அண்ணனும் தந்தையிடம் இதையேதான் பேசுகிறான்: இத்தனை ஆண்டு அடிமைபோல் உழைத்தேனே, ஓர் ஆட்டுக்குட்டியாவது தந்தீரா? அவனிடம் கீழ்ப்படிதல் குறையவில்லை. மகன் என்ற நினைப்புதான் இல்லை.

பத்துக் கட்டளைகள் எப்படித் தொடங்குகின்றன என்று பாருங்கள். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து உன்னை வெளியே கொண்டுவந்தவர் நானே என்ற அறிவிப்பு முதலில். கட்டளைகள் அதன் பிறகு. எகிப்திலிருந்து விடுதலை பெற்றுச் செங்கடலைக் கடந்த இஸ்ரயேல் மக்களுக்குத்தான் சீனாய் மலையில் கட்டளைகள் கிடைத்தன. நற்செய்தியில் வரும் பணக்கார வரிதண்டுவோன் சக்கேயுவும் அப்படியே. உன் வீட்டில் தங்க வேண்டும் என்று இயேசு சொன்ன பிறகுதான் சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருகிறேன் என்கிறான். மீட்பு செயல்களால் வருவதல்ல என்று விவிலியத்தின் எபேசியர் 2:9 வரை மேற்கோள் காட்டிவிட்டுப் பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். நற்செயல் புரியவே படைக்கப்பட்டோம் என்கிறது 10ஆம் வசனம்.

ஓரியூரில் வெட்டுண்ட போர்த்துக்கீசியக் குரு புனித அருளானந்தரின் வரலாற்றிலும் இந்த வரிசையே. மறவர் தலைவரான தடியத்தேவர் நோய் நீங்கிக் குணமடைந்த பிறகு திருமுழுக்குக் கேட்டார். அப்படியானால் ஒரே மனைவியோடு வாழ வேண்டும் என்றார் அருளானந்தர். விலக்கப்பட்ட மனைவியரில் ஒருவர் இராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் உறவினர். அதனால் மூண்ட பகையில் 1693 பிப்ரவரி 4 அன்று அருளானந்தரின் உயிர் போயிற்று. (அந்தப் பெண்களின் கண்ணீரைப் பற்றி நான் கேட்ட மறையுரைகளில் யாரும் பேசியதில்லை. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.) தடியத்தேவர் சுகத்துக்கு விலை கொடுக்கவில்லை, சுகம் பெற்றவரால் பழையபடி இருக்க முடியவில்லை.

எனக்கு இது விளங்கியது பாகப்பிரிவினையில். பூர்வீக வீட்டுப் பங்குக்காகத் தம்பியோடு ஒன்பது ஆண்டு பேச்சில்லை. மன்னிக்க வேண்டும் என்ற கட்டளைக்காக இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் வாசலிலேயே சண்டை போட்டுத் திரும்பினேன். பிறகு ஒரு தவக்காலத்தில் குருவிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். என் நீண்ட பட்டியலைக் கேட்ட குருவானவர் ஒரு சிறு செபத்தை அபராதமாக, அதாவது பாவப் பரிகாரமாகச் சொல்லி, மன்னிப்பு வழங்கி, "சமாதானமாகப் போங்கள்" என்றார். அவ்வளவுதான். எத்தனையோ முறை கேட்ட வார்த்தை. அன்று பஸ்ஸில் வரும்போது கண்ணீர் நிற்கவில்லை. மறுவாரம் தம்பி வீட்டுக்குப் போனேன். பங்கைப் பற்றிப் பேசத் தோன்றவே இல்லை. அவன் முழங்கால் வலியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

இந்தப் பொங்கலுக்கு அவன் குடும்பத்தோடு வந்திருந்தான். பாகப் பத்திரம் இன்னும் பதிவாகவில்லை.