ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருந்தால் சுனாமி வராதா?

கேள்வி: கடலிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி ஒரு மனை பார்த்திருக்கிறோம். பக்கத்தில் ஒரு சிற்றாறு ஓடிக் கடலில் சேர்கிறது. “சுனாமி ஒரு கிலோமீட்டரைத் தாண்டாது. அப்படியே வந்தாலும் கடல் முதலில் உள்வாங்கும், அதைப் பார்த்துவிட்டு ஓடினால் போதும்” என்கிறார் தரகர். முழங்கால் வலியுள்ள அம்மாவும் எங்களுடன் இருக்கிறார். வாங்கலாமா?

பதில்: தரகர் சொன்ன இரண்டுமே தவறு. இரண்டாவது, உயிரை வாங்கக்கூடிய தவறு.

முதலில் அந்த ஒரு கிலோமீட்டர் கணக்கு. காற்று எழுப்பும் அலை கடலின் மேல்மட்டத்தை மட்டும் அசைக்கும். கரையில் உடைந்து திரும்பிவிடும். சுனாமி அப்படியல்ல. பூகம்பத்தில் கடலடித் தரை சட்டென்று மேலே தூக்கப்பட்டால், அதன் மேல் நிற்கும் தண்ணீர் அத்தனையும் அடியோடு நகர்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே 1,200 கிலோமீட்டருக்கும் மேலான நீளத்துக்கு இது நடந்தது. இரண்டு மணி நேரம் கழித்து ஒரு செயற்கைக்கோள் நடுக்கடலில் அளந்த அலையின் உயரமோ சுமார் 60 சென்டிமீட்டர்தான். கப்பலில் இருப்பவருக்கு அது கடந்து போனதே தெரியாது.

4,000 மீட்டர் ஆழமுள்ள கடலில் சுனாமியின் வேகம் மணிக்கு 700 கிலோமீட்டர். 10 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது அது 36 கிலோமீட்டராகக் குறைந்துவிடும். முன்னால் போகும் தண்ணீர் வேகம் குறைய, பின்னால் வருவது அதன்மேல் ஏறிக்கொள்கிறது. கரையில் நாம் பார்க்கும் உயரம் அப்படி வந்ததுதான். ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடையே பத்து நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை இருக்கும். அதாவது வெள்ளம் போலத் தண்ணீர் பல நிமிடங்களுக்கு உள்ளே வந்துகொண்டே இருக்கும். அதை நிறுத்துவது மேடு மட்டுமே. 2011-இல் ஜப்பானின் செண்டாய் சமவெளியில் தண்ணீர் சுமார் 5 கிலோமீட்டர் உள்ளே போனது.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது அந்தச் சிற்றாறு. ஆறு சுனாமிக்குத் திறந்துவிட்ட கதவு. அதே 2011-இல் ஜப்பானின் கிட்டகாமி ஆற்றில் சுனாமி ஏறக்குறைய 50 கிலோமீட்டர் மேலேறியது. முகத்துவாரத்திலிருந்து சுமார் 4 கிலோமீட்டர் தள்ளி ஆற்றோரம் இருந்த ஒரு தொடக்கப் பள்ளி 74 பிள்ளைகளைப் பறிகொடுத்தது. பள்ளிக்குப் பின்னாலேயே குன்று இருந்தது என்பதை இன்றும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அடுத்து, “கடல் உள்வாங்கும்” என்ற நம்பிக்கை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பூகம்பத்தில் கடலடித் தரையிலுள்ள பிளவின் ஒரு பக்கம் உயரும், மறுபக்கம் தாழும். தாழ்ந்த பக்கத்தை நோக்கியிருக்கும் கரையில் முதலில் அலையின் பள்ளம், அதாவது தாழ்ந்த பகுதி, வந்து சேரும். அங்கே கடல் உள்வாங்கும். உயர்ந்த பக்கத்தை நோக்கியிருக்கும் கரையில் முதலில் வருவதே அலையின் முகடு, அதாவது உயர்ந்த பகுதி. அங்கே எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் தண்ணீர் ஏறும். 2004-இல் கிழக்கே தாய்லாந்தில் கடல் முதலில் உள்வாங்கியது. மேற்கே இலங்கையில் முதலில் வந்தது ஏறுதண்ணீர். ஒரே பூகம்பம், ஒரே நாள். உங்கள் கரைக்கு எது வரும் என்பது எந்தப் பிளவு, எந்தப் பக்கம் அசைகிறது என்பதைப் பொறுத்தது. அதனால் கடல் திடீரென்று உள்வாங்கினால் ஓடுங்கள், சரி. ஆனால் அது உள்வாங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இலங்கையில் முதல் அலையில் பெரலியவில் ஒரு ரயில் நின்றது. தண்ணீருக்குப் பயந்து பலர் அதில் ஏறிக்கொண்டார்கள். பிறகு வந்த பெரிய அலை ரயிலையே புரட்டிப் போட்டதில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதல் அலைதான் பெரியது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தண்ணீர் வடிந்ததும் வீட்டைப் பார்க்கத் திரும்புவதும் வேண்டாம்.

நிற்க முடியாத அளவுக்கோ, நீண்ட நேரமோ தரை ஆடினால் அதுவே எச்சரிக்கை. சைரனுக்கோ கைபேசிச் செய்திக்கோ காத்திருக்காமல் மேட்டுக்குக் கிளம்புங்கள். தொலைவில் நடந்த பூகம்பம் உங்களுக்குத் தெரியாது. அப்போதுதான் அரசு எச்சரிக்கை வேண்டும். எச்சரிக்கையில் வரும் மீட்டர் கணக்கை வைத்து மட்டும் தயங்காதீர்கள். 2011-இல் ஜப்பானில் முதலில் சில பகுதிகளுக்கு 3 மீட்டர், 6 மீட்டர் என்று அறிவித்தார்கள். வந்தது அதைவிடப் பல மடங்கு. 2013-இலிருந்து அங்கே மிகப் பெரிய பூகம்பங்களுக்கு முதல் அறிவிப்பில் எண்ணுக்குப் பதில் “மிகப்பெரியது” என்று சொல்லாகவே சொல்கிறார்கள். இத்தனை உயிர் போன பிறகுதானா அந்த மாற்றம் வர வேண்டும்?

தரகர்களிடம் வருகிறேன். “சுனாமி வராத லேஅவுட்” என்று ஒன்று கிடையாது. கம்பவுண்டு சுவரைக் காட்டுவார்கள். ஜப்பானில் பத்து மீட்டர் கடல்தடுப்புச் சுவரையே தண்ணீர் தாண்டியது. மரவரிசையைக் காட்டுவார்கள், அது வேகத்தைக் குறைக்கலாம், பெரிய அலையை நிறுத்தாது. “போன தடவை இங்கே வரவில்லை” என்பார்கள். அடுத்தது வேறு இடத்திலிருந்து வேறு அளவில் வரும். மனை வரைபடத்தில் சாலை அகலத்தை அங்குலம் பிசகாமல் கேட்கும் அலுவலகங்கள், மனை கடல்மட்டத்துக்கு எத்தனை மீட்டர் மேலே என்று ஒரு வரி எழுதச் சொல்வதில்லை. வெள்ள அபாய வரைபடம் போட்டுவிட்டு, வாங்குபவர் கண்ணில் படாத அலமாரியில் வைத்துப் பூட்டுகிறார்கள். பல வருடமாக இதைச் சொல்லிச் சலித்துவிட்டேன்.

எனவே இதை நீங்களே செய்யுங்கள். தரகருக்குத் தெரிந்தவர் அல்லாத ஒரு சர்வேயரை வைத்து மனையின் உயரத்தையும் ஆற்றங்கரையின் உயரத்தையும் அளக்கச் சொல்லுங்கள். அப்புறம், அம்மாவை அழைத்துக்கொண்டு மனையிலிருந்து மிக அருகிலுள்ள மேட்டுக்கு நடந்து பாருங்கள். மேடு இல்லையென்றால் உறுதியான, உயரமான கான்கிரீட் கட்டடத்தின் மேல்தளத்துக்கு. காரில் வேண்டாம், 2012-இல் சுமத்ரா அருகே பூகம்பம் வந்தபோது அங்குள்ள பண்டா ஆச்சே நகரில் பலர் வண்டியில் கிளம்பித் தெருவிலேயே சிக்கி நின்றார்கள். அருகில் நடக்கும் பூகம்பத்தில் இருபது நிமிடம்கூடக் கிடைக்காமல் போகலாம். அம்மாவின் நடைக்கு அதற்கு மேல் ஆனாலோ, போகும் வழி அந்தச் சிற்றாற்றுப் பாலத்தின் மேல் போனாலோ, அந்த மனை வேண்டாம்.