வாய்வார்த்தை போதாது, எழுதி வாங்குங்கள்

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் பெற்றோர் ஆலோசனைக்கு வந்திருந்தார்கள். வாசிப்பதிலும் எழுதுவதிலும் அவளுக்குக் கற்றல் குறைபாடு, அதாவது டிஸ்லெக்சியா, இருப்பதாக ஓர் உளவியலாளர் அறிக்கை கொடுத்திருக்கிறார். அதைப் பீரோவில் பூட்டி வைத்துவிட்டு, நீட் அடிப்படைப் பயிற்சிக்கு முன்பணம் கட்டலாமா என்று கேட்டார்கள். குறைபாட்டுக்கு அரசுச் சான்று வாங்கினால் நாளை பெண்ணின் கல்யாணத்துக்குத் தடையாகும் என்கிறாராம் பெரியப்பா. நல்ல பயிற்சி மையத்தில் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அத்தையின் நம்பிக்கை.

இது சோம்பலும் இல்லை, அறிவுக்குறைவும் இல்லை என்று முதலில் சொன்னேன். அதற்கு மேல் ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை. அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள்.

கையோடு கொண்டுவந்திருந்த அறிவியல் விடைத்தாளைப் பார்த்தேன். செரிமானம் பற்றிய ஐந்து மதிப்பெண் வினாவுக்கு மூன்று வரி எழுதியிருந்தாள். ‘இரைப்பை’ என்பது ‘இறபை’ ஆகியிருந்தது. கடைசி வரி பாதியில் நின்றிருந்தது. மதிப்பெண் ஒன்று. அதே வினாவை அவளிடம் வாயால் கேட்டேன். உமிழ்நீரில் தொடங்கிச் சிறுகுடலில் சத்து உறிஞ்சப்படுவது வரை ஒரு கட்டத்தையும் விடாமல் சொன்னாள். பாடம் அவளுக்குத் தெரியும். தெரிந்ததைத் தாளில் இறக்குவதில்தான் சிக்கல். இதற்கு மாலையில் இன்னும் மூன்று மணி நேரம் புத்தகத்தின் முன் உட்காரவைப்பது மருந்தாகாது. அவளே பின்னாளில் மருத்துவம் படிக்க ஆசைப்பட்டாலும், நீட் தேர்வில் கூடுதல் நேரம் கேட்பதற்கு முறையான சான்று வேண்டும். பெரியப்பா தடுக்கிற அந்தத் தாள்தான் அது.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. கற்றல் குறைபாடும் அவற்றில் ஒன்று. குறைபாட்டைச் சீக்கிரம் கண்டறிவது, தேவைப்படும் குழந்தைக்குத் தனிப்பட்ட உதவி தருவது, முன்னேற்றத்தைக் கண்காணிப்பது ஆகியவற்றை 16ஆம் பிரிவு சொல்கிறது. அரசு நிதி பெறும் பள்ளி மட்டுமல்ல, அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியும் இதன் வரம்புக்குள் வரும். கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாட விலக்கு ஆகியவை 17ஆம் பிரிவில் இருக்கின்றன. ஆகவே பள்ளியில் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை.

பெரும்பாலான பெற்றோர் தவறவிடுவது ஒன்று உண்டு. வகுப்பாசிரியர் நல்லவர், “நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லியிருப்பார். அடுத்த ஆண்டு அவர் மாறிவிடுவார். அந்த வார்த்தையும் அவரோடு போய்விடும். அதனால்தான் தனிநபர் கல்வித் திட்டத்தை, அதாவது இந்த ஒரு குழந்தைக்குப் பள்ளி என்னென்ன உதவி செய்யும் என்ற திட்டத்தை, எழுத்தில் கேளுங்கள் என்று ஒவ்வொரு குடும்பத்திடமும் மன்றாடுகிறேன். தலைமையாசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். அறிக்கையின் நகலை இணையுங்கள், 16, 17 பிரிவுகளைக் குறிப்பிடுங்கள், கூட்டத்துக்குத் தேதி கேளுங்கள். கடிதம் பெற்றதற்கான கையொப்பத்தை உங்கள் நகலில் வாங்காமல் திரும்பாதீர்கள்.

திட்டத்தில் பொத்தாம்பொதுவான வாக்கியங்களை ஏற்காதீர்கள். “வாசிப்பு மேம்பட உதவப்படும்” என்று எழுதினால் அதை யாரும் செய்யப்போவதில்லை. இன்று நிமிடத்துக்கு 40 சொல் வாசிக்கிறாள் என்றால் அந்த எண் இருக்க வேண்டும். பருவ முடிவில் எத்தனை என்பதும் இருக்க வேண்டும். சிறப்பு ஆசிரியர் எந்தெந்த நாளில், எந்தப் பாடவேளையில் எடுப்பார்? கரும்பலகையைப் பார்த்து எழுதுவதற்குப் பதில் அச்சிட்ட குறிப்பு யார் தருவார்? அறிவியலிலும் சமூக அறிவியலிலும் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது என்பதும், எல்லார் முன்னிலையிலும் உரக்க வாசிக்கச் சொல்லக் கூடாது என்பதும் தனித்தனி வரிகளாக வர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு மறுஆய்வுத் தேதி, கீழே எல்லார் கையொப்பம், உங்களுக்கு ஒரு பிரதி. கூட்டத்தில் குழந்தையும் உட்காரட்டும். எது உதவுகிறது, எது கூச்சமாக இருக்கிறது என்று அவளைப்போல் வேறு யாரால் சொல்ல முடியும்?

பள்ளித் தேர்வுகளிலேயே சொல்வதை எழுதுபவரைப் பழக்குங்கள். விடையை மனத்தில் கோத்து, வாக்கியம் வாக்கியமாக இன்னொருவருக்குச் சொல்வது தனித் திறமை. பொதுத்தேர்வு அறையில் முதல்முறையாக முயன்றால் தடுமாறுவாள். மாநிலப் பாடத்திட்டத்தில் டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரமும் மொழிப்பாட விலக்கும் கிடைக்கின்றன. தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பம் போக வேண்டும். சி.பி.எஸ்.இ. பள்ளியென்றால் பத்தாம் வகுப்பில் இரண்டு மொழிக்குப் பதில் ஒன்று போதும்.

இதற்கெல்லாம் அடித்தளம் அரசு மருத்துவக் குழுவின் சான்று. அறிக்கையோடு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. இடைத்தரகர் யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று மதிப்பிடப்பட்டால் அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகளில் ஐந்து சதவீத இடஒதுக்கீட்டுக்கும் அவள் தகுதி பெறுவாள். அதைவிடக் குறைந்தாலும் மனம் தளர வேண்டாம். எழுதுவதில் சிரமம் இருந்தால், 40 சதவீதம் இல்லை என்பதற்காகவே எழுதுபவரை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்திருக்கிறது.

பணத்தைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். பயிற்சி மையத்துக்காக நகையை அடகு வைக்க நினைத்திருந்தார்கள். கூடாது. கையில் மிஞ்சுவது எதுவானாலும் வாரம் இரண்டு நாள் சிறப்பு ஆசிரியரிடம் வாசிப்புப் பயிற்சிக்குப் போகட்டும். அதுவும் கடன் வாங்காமல்.

அவளுடைய விருப்பத்தை அந்த வீட்டில் இதுவரை யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். பழுதான மேசை மின்விசிறியைக் கழற்றி உள்ளே இருந்ததைப் படமாக வரைந்திருக்கிறாள். பெயர்களில் பிழை இருந்தது. கம்பிச் சுருள் எங்கே, எந்த வழியாகச் சுற்றியிருக்கிறது என்பதில் பிழையே இல்லை. பத்தாம் வகுப்பு முடித்ததும் மூன்றாண்டு பாலிடெக்னிக் இருக்கிறது. இப்போதே முடிவுசெய்ய வேண்டிய அவசரம் எதுவும் இல்லை. கடிதத்தை மட்டும் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.