குளிர்நாடுகளில் காய்கறி விதைகளை ஏன் வீட்டுக்குள் முளைக்க வைக்கிறார்கள்?

வெளியே நடும் பருவம் வருமுன்பே வீட்டுக்குள் தட்டில் விதைத்து நாற்றாக்கி வைப்பது, அவ்வளவுதான். டொராண்டோவில் உறைபனி மே மாதம் வரை விடாது. அக்டோபரில் திரும்ப வந்துவிடும். மிளகாய்க்கும் கத்தரிக்கும் விதையிலிருந்து காய் வரை நாலைந்து மாதம் வேண்டும். அதனால் மார்ச்சிலேயே தொடங்கி மே கடைசியில் நடுகிறார்கள். காலை இட்லிக்கு முந்தின நாளே மாவரைத்து வைப்பது மாதிரி.

மிளகாய் முளைக்க வெளிச்சத்தைவிடச் சூடுதான் முக்கியம். சிலர் தட்டை ஃப்ரிட்ஜ் மேலேயே வைத்துவிடுவார்கள். முளைத்த பிறகு கதை வேறு. ஜன்னல் வெளிச்சம் மட்டும் போதாமல் தண்டு நூலாக நீண்டு சாயும். மேலே ஒரு எல்இடி விளக்கு தொங்கவிடுங்கள். நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து தினமும் கொஞ்ச நேரம் வெளியே வைத்துப் பழக்குங்கள்.

எல்லாக் காய்க்கும் இது தேவை என்று நினைத்துவிட வேண்டாம்: கேரட், முள்ளங்கியை நேராகத் தோட்டத்திலேயே விதைக்கலாம், பிடுங்கி நட்டால் கிழங்கு கோணிப்போகும்.