கீமோ நடக்கும்போது குழந்தையின் சாப்பாடு அவ்வளவு முக்கியமா? எடை சரியாக இருக்கும்போது மூக்கில் டியூப் எதற்கு?

5 வயது மகளுக்குக் கீமோ போய்க்கொண்டிருக்கிறது, ஒரு வாய் சாப்பிட மாட்டேன் என்கிறாள், எடை சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் மூக்கு வழியாக டியூப் போடச் சொல்கிறார்கள், மருந்துதானே குணப்படுத்தப்போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியை 2019ல் நான் ஒரு டாக்டரிடம் கேட்டேன். கேட்டதோடு விடவில்லை, வார்டு நடுவில் நின்று சண்டை போட்டேன். அதனால்தான் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா படுக்க முடியவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டரும் இல்லை, டயட்டீஷியனும் இல்லை. விருதுநகர் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவள். எந்தப் புற்றுநோய் என்று நீங்கள் எழுதவில்லை. டியூப் பேச்சு வந்திருப்பதால் மூன்று நான்கு கீமோ முடிந்திருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். வீட்டில் ஆளாளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது.

என் மகனுக்கு அப்போது 4 வயது முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது வயிற்றின் இடது பக்கம் கெட்டியாகக் கையில் தட்டுப்பட்டது. சிறுநீரகத்தில் வரும் வில்ம்ஸ் கட்டி என்றார்கள். 4 வாரம் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, அந்த ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டு, மறுபடி கீமோ. நன்றாகக் குணமாகிற வகை இது. வசதியான நாடுகளில் இந்தக் கட்டி வந்த பத்துக் குழந்தைகளில் ஒன்பது பேர் பிழைத்துவிடுகிறார்கள். அதைக் கேட்டதும் எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. மருந்து இருக்கிறது, காப்பீட்டு அட்டை இருக்கிறது, இனி என்ன என்று நினைத்தேன்.

எடை 15 கிலோ 200 கிராம். வயதுக்குப் பெரிய குறை இல்லை. அப்புறம் டயட்டீஷியன் மேடம் வந்து, அவன் சட்டைக் கையை மடித்து, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, சிவப்பு, மஞ்சள், பச்சை போட்ட ஒரு நாடாவைச் சுற்றினார். 12.1 சென்டிமீட்டர். மஞ்சள். 5 வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு 12.5க்குக் கீழே வந்தால் சத்துக்குறைவு, 11.5க்குக் கீழே போனால் கடுமையான சத்துக்குறைவு என்றார். எடை சரியாக இருக்கிறதே மேடம் என்றேன். "தராசு கட்டியையும் சேர்த்துத்தானம்மா நிறுக்குது" என்றார். கீமோவில் சுருங்கிய பிறகு, ஆபரேஷனில் எடுத்தபோதே அந்தக் கட்டி 900 கிராம் இருந்தது. அவ்வளவையும் நான் பிள்ளையின் சதை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

உங்கள் மகளுக்கு வயிற்றில் கட்டி என்றால் "எடை சரியாக இருக்கிறது" என்பதை நம்பாதீர்கள். இரத்தப் புற்றுநோய் என்றாலும்தான். ஸ்டீராய்டு கொடுக்கும் வாரங்களில் முகமும் உடம்பும் ஊதி எடை கூடும், உள்ளே தசை கரைந்துகொண்டிருக்கும்.

இனி நான் செய்த தப்புகள். முதல் கீமோ அன்று காலையில், பிள்ளை ஆசையாகச் சாப்பிடட்டும் என்று இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் செய்து எடுத்துப் போனேன். அவனுக்கு அதுதான் உயிர். மத்தியானம் மருந்து ஏறியது. சாயங்காலத்திலிருந்து விடிய விடிய வாந்தி. அதோடு இடியாப்பம் போயிற்று. இன்றைக்குப் பக்கத்து வீட்டில் தேங்காய்ப்பால் காய்ச்சினால்கூட ஜன்னலைச் சாத்தச் சொல்லுவான். இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. 1978லேயே அமெரிக்காவில் கீமோவுக்கு வந்த குழந்தைகளுக்குப் புதுச் சுவையில் ஒரு ஐஸ்கிரீம் கொடுத்துப் பார்த்து இதை எழுதியிருக்கிறார்கள். குமட்டல் தரும் மருந்துக்கு முன்னால் அதைத் தின்ற குழந்தைகள் பிறகு அதே ஐஸ்கிரீமை வேண்டாம் என்றார்கள். அதனால் கீமோ நாளன்று அவளுக்குப் பிடித்ததைக் கொடுக்காதீர்கள். பிடிக்கவும் பிடிக்காத, வெறுக்கவும் வெறுக்காத ஏதாவது போதும். எங்கள் வார்டில் அதற்கு ரஸ்க்.

இரண்டாவது தப்பு பெரியது. என் வீட்டுக்காரரின் சித்தப்பா வாட்ஸ்அப்பில் வந்த ஒன்றைக் காட்டி, சர்க்கரையும் பாலும் புற்றுநோய்க்குத் தீனி, இரண்டையும் நிறுத்தினால் கட்டி பட்டினி கிடந்து செத்துவிடும் என்றார். படித்தவர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். கட்டி மட்டும் எப்படிப் பட்டினி கிடக்கும், பிள்ளைதானே கிடப்பான் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. பாலை நிறுத்தினேன். சத்துமாவுக் கஞ்சியில் வெல்லத்தை நிறுத்தினேன். பிளேட்லெட்டுக்கு என்று பப்பாளி இலைச்சாறு வேறு. டாக்டரிடம் சொல்லாமல் கொடுத்தேன். அது கசப்பு, ஏற்கெனவே குமட்டுகிற பிள்ளை, இருந்த பசியும் போயிற்று. அந்த நேரம் பார்த்து வின்கிரிஸ்டின் என்ற கீமோ ஊசியால் தாடை வலி. சப்பாத்தியைக் கடித்ததும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுவான், நான் அடம் என்று நினைத்து மிரட்டினேன். அதே ஊசியால் மலச்சிக்கல், நாலு நாள் வயிறு போகாத பிள்ளை எப்படிச் சாப்பிடுவான்? இதையெல்லாம் யாரிடமாவது கேட்டிருந்தால் மலமிளக்கி மருந்து அன்றைக்கே கொடுத்திருப்பார்கள். தானாகச் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டேன்.

பத்து நாளில் கை 11.6. மூன்றாவது வாரம் காய்ச்சல் வந்து, வெள்ளையணு இறங்கி, கீமோவைத் தள்ளிவைத்தார்கள். ஒரு வாரம் என்றது இரண்டு வாரமாயிற்று. ஆபரேஷனும் அதோடு தள்ளிப்போனது. டாக்டர் என்னை உட்காரவைத்து, "இந்த மருந்து தேதி தவறாமல் போக வேண்டும். இவன் உடம்பு தாங்காமல் ஒவ்வொரு தடவையும் தள்ளிக்கொண்டே போனால் கட்டிக்குத்தான் லாபம்" என்றார். சாப்பாடு எதற்கு என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான். கட்டியைக் கரைத்தது மருந்து, எடுத்தது கத்தி. அந்த இரண்டையும் தேதிக்குத் தேதி தாங்கிக்கொள்ள உடம்பு வேண்டும், அதற்குச் சாப்பாடு. உணவால் புற்றுநோய் குணமாகும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டியூப் என்றதும் எனக்கு என் அப்பாவின் கடைசி நாட்கள்தான் ஞாபகம் வந்தது. அவருக்கும் மூக்கில் டியூப் போட்டார்கள், ஒரு மாதத்தில் போய்விட்டார். ஊரில் டியூப் என்றால் முடிந்தது என்று அர்த்தம். என் மாமியார் போனிலேயே அழுதார். "பெத்தவ கையால ஊட்ட முடியாமலா போச்சு?" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே ஒன்பது நாள் கையெழுத்துப் போடாமல் இருந்தேன். ஒவ்வொரு வேளையும் இரண்டு மணி நேரம் ஊட்டி, மிரட்டி, மூக்கைப் பிடித்துத் திணித்து, அவன் வாந்தி எடுத்து, நானும் அழுது. என்னைப் பார்த்தாலே வாயை மூடிக்கொள்ள ஆரம்பித்தான். கடைசியில் பக்கத்துப் படுக்கைக் குழந்தையின் அம்மா, திருப்பத்தூர்க்காரி, தன் மகளைக் காட்டி, "அக்கா, இவளுக்கு ரெண்டு மாசமா இருக்கு, நேத்து டியூப்போடவே ஊஞ்சல் ஆடினா" என்றாள். அன்றைக்குச் சாயங்காலம் கையெழுத்துப் போட்டேன்.

போடும்போது அழுதான், உண்மை. தண்ணீரை முழுங்கு முழுங்கு என்று சிஸ்டர் சொல்லிக்கொண்டே மெல்லிசான ஒரு குழாயை விட்டார். ஐந்து நிமிஷம். கன்னத்தில் ஒட்டிய பிளாஸ்டரில் ஒரு ரயில் படம் வரைந்து கொடுத்தார். அப்புறம் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் டியூப் வயிற்றில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தலையை உயர்த்திவைத்து, 50 மில்லி சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்தால் பால் தானாக இறங்கும், அழுத்தக்கூடாது, முடிந்ததும் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். முதல் ராத்திரி அவன் தூக்கத்திலேயே 150 மில்லி இறங்கியது. சிரிஞ்சில் பால் மெதுவாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு நாளில் முதல் தடவையாக அவனோடு சண்டை போடாமல் ஒரு வேளைச் சாப்பாடு முடிந்தது. மூன்றாம் நாள் என் மடியில் தானாக வந்து உட்கார்ந்தான்.

ஏழு வாரத்தில் கை 12.9. நடுவில் ஆபரேஷனும் முடிந்துவிட்டது. தையல் ஆறுவதற்கும் இந்தச் சத்துதான் என்றார்கள். ஒரு சிறுநீரகம் போனதும், புரதம் கொடுக்காதே, மிச்சமிருக்கிறதும் கெட்டுவிடும் என்று மறுபடி ஆலோசனைகள் வந்தன. இந்த முறை நேராக டாக்டரிடம் கேட்டேன். மிச்சமிருக்கும் சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறது, வளர்கிற பிள்ளைக்கு முட்டையும் பருப்பும் தாராளமாகக் கொடுங்கள், உப்பைக் குறையுங்கள், தண்ணீர் நிறையக் கொடுங்கள் என்றார்.

டியூப் எல்லாக் குழந்தைக்கும் வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. வாய்ப்புண் மோசமாக இருந்தால், பிளேட்லெட் ரொம்ப இறங்கியிருந்தால் அவர்களே யோசித்துத்தான் போடுவார்கள். போடச் சொன்ன பிறகும் மானத்துக்காகத் தள்ளிப்போடாதீர்கள், அவ்வளவுதான்.

பிறகு நானே தேடிப் படித்ததில் மனதில் நின்றது ஆப்பிரிக்காவில் உள்ள மலாவி. அங்கே இதே வில்ம்ஸ் கட்டியோடு எலும்பும் தோலுமாகக் குழந்தைகள் வருகிறார்கள். சத்துக்குறைந்த குழந்தையின் உடம்பிலிருந்து வின்கிரிஸ்டின் வெளியேற அதிக நேரம் ஆகிறது என்று அங்கே அளந்து பார்த்திருக்கிறார்கள். அதே அளவு மருந்து, நோஞ்சான் பிள்ளைக்குக் கூடுதலாகத் தாக்கும். அவர்கள் கொடுப்பது 'சிபோண்டே' என்று நிலக்கடலை, பால் பவுடர், சர்க்கரை, எண்ணெய் சேர்த்து அரைத்த ஒரு விழுது. நம் ஊர்க் கடலையும் சர்க்கரையும்தான், நான் நிறுத்திவைத்திருந்த அதே சர்க்கரை. அன்றைக்கு அதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அழுதேன்.

சத்து மாத்திரை, டானிக் என்று யாராவது வாங்கிவந்தால் கேட்காமல் கொடுக்காதீர்கள். 1940களில் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர், இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினைக் கொடுத்தபோது நோய் இன்னும் வேகமெடுத்ததைப் பார்த்திருக்கிறார். அப்படியானால் அதைத் தடுத்தால் என்ன என்று யோசித்துத்தான் அந்த நோய்க்கு முதல் மருந்தே வந்தது. அந்த மருந்தைச் செய்துகொடுத்த குழுவை நடத்தியவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ். இன்றைக்கும் கொடுக்கிற மெத்தோட்ரெக்ஸேட் அந்தக் குடும்பத்து மருந்துதான். வைட்டமின்தானே, என்ன செய்துவிடும் என்று நினைக்கும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்துக்கு அட்டை இருந்தது. முட்டைக்கும் பாலுக்கும் ஆஸ்பத்திரிப் பக்கம் எடுத்த அறை வாடகைக்கும் எந்த அட்டையும் இல்லை. கம்மலை வைத்துத்தான் பால் வாங்கினேன். பாதியில் சிகிச்சையை விட்டுவிட்டு ஊருக்குப் போன இரண்டு குடும்பங்களை என் கண்ணால் பார்த்தேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மும்பையில் தொடங்கிய கடில்ஸ் ஃபவுண்டேஷன் மாதிரி, புற்றுநோய்க் குழந்தைகளின் சாப்பாட்டுக்காகவே இயங்கும் அமைப்புகள் இருக்கின்றன. உங்கள் ஆஸ்பத்திரியில் அப்படி யாராவது வருகிறார்களா என்று சமூகப் பணியாளரிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

கேட்காததையும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன், மனது ஆறவில்லை. 2021ல் பள்ளிகள் திறந்தபோது எங்கள் ஊர்த் தனியார் பள்ளி ஒன்றில் இவனைச் சேர்க்கப் போனேன். வயிற்றுத் தழும்பைப் பற்றி நானாகத்தான் சொன்னேன், விளையாட்டில் அடிபடக்கூடாதே என்று. மற்ற பெற்றோர் பயப்படுவார்கள், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். புற்றுநோய் ஒட்டுவார்ஒட்டி இல்லை என்று ஒரு பள்ளிக்கூடத்துக்கு நான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. டாக்டர் கடிதம் காட்டியும் மாறவில்லை. அரசுப் பள்ளித் தலைமையாசிரியை ஒரு கேள்வியும் கேட்காமல் சேர்த்துக்கொண்டார், மத்தியானச் சாப்பாட்டில் இவனுக்கு முட்டை போட மறக்காதீர்கள் என்று ஆயாவிடமும் சொல்லிவைத்தார். இப்போது வருஷத்துக்கு ஒரு முறை செக்கப்புக்குப் போய்வருகிறோம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நாளைக்கு டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது, "என் மகளின் கைச் சுற்றளவை அளந்தீர்களா, போன மாதம் எவ்வளவு, இப்போது எவ்வளவு?" என்று கேளுங்கள். 5 வயதுக்கு மேல் நான் சொன்ன 12.5 கணக்கு பொருந்தாது, வயதுக்கேற்ற அட்டவணை அவர்களிடம் இருக்கும். தாடை வலிக்கிறதா, வாயில் புண் இருக்கிறதா, எத்தனை நாளாக வயிறு போகவில்லை என்று இன்றைக்கு ராத்திரியே பார்த்து ஒரு தாளில் எழுதிவையுங்கள். வீட்டில் யாராவது இலைச்சாறு ஏதாவது கொடுத்துக்கொண்டிருந்தால் அதையும் அதே தாளில் எழுதுங்கள். திட்டுவார்கள் என்று நான் மறைத்தேன். சொன்னபோது யாரும் என்னைத் திட்டவில்லை.