கூரைப்புடவை பச்சையா அரக்கா?

போன இதழ்ல பழைய ஸ்டுடியோ போட்டோ பத்தி சும்மா ரெண்டு வரி எழுதினேன், அதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு நினைக்கல. எல்லாத்துக்கும் பதில் சொல்ல இடம் இல்ல, கைக்கு வந்ததுல ஒரு அஞ்சாறு.

கேள்வி: எங்க கொள்ளுப் பாட்டி கல்யாண போட்டோ, 1926, கோலார் தங்கவயல்ல கல்யாணம் முடிஞ்சு பெங்களூர் கன்டோன்மென்ட்ல ஒரு ஸ்டுடியோவுக்கு வந்து எடுத்தது. புடவை பச்சை, ஜரிகை தங்கக் கலர், கன்னம் ரோஸ். ஆனா அவங்க பொண்ணு, எங்க அத்தைப் பாட்டி, வயசு 88, "எங்கம்மா கூரைப்புடவை அரக்குடி, பெட்டில நானே பாத்திருக்கேன்"னு ஒரே சண்டை. அப்பவே கலர் ஃபிலிம் இருந்துச்சா? யார் சொல்றது சரி? (அல்சூர் வாசகி)

பதில்: முதல்ல அத்தைப் பாட்டிக்கு என் வணக்கம். அது கலர் ஃபிலிம் இல்லைங்க, கைல அடிச்ச கலர். எப்படி இவ்ளோ தைரியமா சொல்றேன்னா, நாம கேமராவுல போட்டு எடுக்கற மாதிரி கோடாக்ரோம் ஃபிலிம் வந்ததே 1936ல, அதுவும் ஸ்லைடு. நெகட்டிவ் எடுத்து பேப்பர்ல கலர் பிரிண்ட் போடற கோடாகலர் வந்தது 1942ல. அதனால 1926 தேதி போட்ட, பேப்பர்ல இருக்கற, கலரா இருக்கற ஒரு குடும்ப போட்டோன்னா அது பிளாக் அண்ட் ஒயிட் பிரிண்ட் மேல யாரோ உக்காந்து பிரஷ் புடிச்சதுதான்.

எங்க பெரியப்பா சிவாஜிநகர்ல ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் ஒரு ஸ்டுடியோவுல 60கள் வரைக்கும் இதே வேலைதான் பாத்தார். பிரிண்ட்ட முதல்ல செபியா பண்ணிக்குவாங்க, ஏன்னா கருப்பு சாம்பல் மேல தோல் கலர் அடிச்சா பொணக்களை வந்துரும், பழுப்பு மேல அடிச்சா உயிர் வரும். அப்பறம் ஈர்க்குச்சில பஞ்ச சுத்தி ஆயில் கலர தொட்டு தடவி தடவி, மூஞ்சிக்கு ஒண்ணு, உதட்டுக்கு ஒண்ணு, நகைக்கு மட்டும் மெல்லிசு பிரஷ். வீடு பூரா டர்பன்டைன் வாசனை, பெரியம்மா திட்டிக்கிட்டே இருப்பாங்க. கஸ்டமர்ங்க வந்து "கழுத்து மொட்டையா இருக்கு, ஒரு அட்டிகை சேத்துப் போடுங்க"ன்னு கேப்பாங்களாம், இவரும் போட்டுக் குடுப்பார், பவுனுக்குக் காசு கேக்கறதில்ல. அதனால உங்க போட்டோவுல இருக்கற பச்சை, புடவையோட கலர்னு எடுத்துக்காதீங்க, அது கலர் அடிச்சவரோட கலர், இல்லன்னா மாப்பிள்ளை வீட்ல யாரோ சொன்ன கலர்.

ஆனா இதோட விட்டா நான் ஏமாத்தினதாயிரும், ஏன்னா அடில இருக்கற பிளாக் அண்ட் ஒயிட்டே கொஞ்சம் பொய் சொல்லும். அந்தக் காலத்து ஸ்டுடியோ பிளேட், அதான் ஃபிலிமுக்குப் பதிலா கேமராவுல போடற கண்ணாடி, பெரும்பாலும் சிவப்பு வெளிச்சத்துக்கு உணர்வே இல்லாதது, ஆர்த்தோக்ரோமாட்டிக்னு சொல்வாங்க. நீலம் வெளுத்துப் போகும், சிவப்பு கருப்பாயிரும். பழைய போட்டோவுல குங்குமப் பொட்டு மை வச்ச மாதிரி கருப்பா இருக்கே, கவனிச்சிருக்கீங்களா, அதுக்கு இதான் காரணம். நம்ம மாநிறமும் உள்ளதுக்கு மேலயே கருத்து விழும், உடனே வீட்ல "பொண்ண இன்னும் கொஞ்சம் சிவப்பா காட்டுங்க"ன்னு நிப்பாங்க, அவரும் ரோஸ அள்ளித் தடவுவார், அதான் அந்தக் கால போட்டோவுல எல்லார் கன்னமும் ஒரே ஆப்பிள்.

இப்ப உங்க சண்டைக்கு வரேன். ஒரு லென்ஸ் எடுத்து, நகைக்கடைக்காரங்க வச்சிருப்பாங்களே அது போதும், புடவை மடிப்ப பாருங்க. பச்சைக்கு அடியில மடிப்பு நிழல் எல்லாம் தெளிவா தெரியுது, கலர் கண்ணாடி மாதிரி மேல படிஞ்சிருக்குன்னா, அடில இருக்கற புடவை வெளிறின சாம்பலா விழுந்திருக்கு, அப்ப அது ஆழமான அரக்கா இருக்க வாய்ப்பு கம்மி. மாறா பச்சை திக்கா, மாவு பூசின மாதிரி, மடிப்ப எல்லாம் மறைச்சு, நிழலக் கூட பெயின்ட்லயே போட்டிருந்தா, அடில கருப்பா விழுந்த ஒரு புடவைய மூடியிருக்காருன்னு அர்த்தம், கருப்பு மேல மெல்லிசு கலர் எடுபடாது இல்லையா, அப்ப அத்தைப் பாட்டி பக்கம்தான் தராசு சாயும். அடிச்சுச் சொல்ல முடியாது, பட்டு பளபளப்பு ஏமாத்தும், ஆனாலும் பாத்துட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்க.

கேள்வி: அந்த மாதிரி போட்டோ மேல தூசியும் பூஞ்சையும். ஈரத்துணியால தொடைக்கலாமா? (ஃப்ரேசர் டவுன்)

பதில்: ஐயோ வேணாம். வாட்டர் கலர்ல அடிச்சதுன்னா துணியோட கன்னமும் வந்துரும். மெத்துனு ஒரு காஞ்ச பிரஷ்ஷால தூசிய மட்டும் தள்ளுங்க, ஃபிரேம் கண்ணாடியோட ஒட்டிக்கிட்டிருந்தா பிச்சு எடுக்காதீங்க, தெரிஞ்சவங்க கிட்ட குடுங்க. வெயில் விழற சுவர்லயும் மாட்டாதீங்க, பழைய சாயம் பல வெளிச்சத்துல வெளுத்துப் போற ரகம்.

கேள்வி: அவென்யூ ரோட்ல பழைய புஸ்தகக் கடைல ரெண்டு போஸ்ட் கார்டு வாங்கினேன். ரெண்டுலயும் நம்ம அட்டாரா கச்சேரி, அதான் ஹைகோர்ட் கட்டடம், ஒரே போட்டோ. ஒண்ணுல கட்டடம் சிவப்பு, இன்னொண்ணுல மஞ்சள். எப்படி சார்? (பசவனகுடி)

பதில்: கட்டடம் என்னவோ சிவப்புதான், கப்பன் பார்க் பக்கம் போனா தெரியும். ஆனா அந்தக் காலத்துல போட்டோ மட்டும் இங்க எடுத்து, கார்டு அச்சடிக்கறது நிறைய ஜெர்மனில. ஹிக்கின்பாதம்ஸ் மாதிரி கடைங்க மெட்ராஸ்லயும் பெங்களூர்லயும் இத வித்தாங்க. அச்சகத்துல கலர் பிரிக்கிறவர் நம்ம ஊரப் பாத்ததே இல்ல, கூட ஒரு குறிப்பு இருந்தா அதப் பாத்து அடிப்பார், இல்லன்னா அவர் இஷ்டம். வானம் சாயங்கால ரோஸா இருந்தாலும் நம்பாதீங்க, நிழல் குட்டையா விழுந்திருந்தா அது நடு மத்தியானம்.

கேள்வி: நெட்ல ஒரு போட்டோ பாத்தேன், 1911னு போட்டு நீலப் பட்டு அங்கில ஒரு ராஜா, நேத்து மொபைல்ல எடுத்த மாதிரி கலர். இதுவும் கைல அடிச்சதுதானே? (மாரத்தஹள்ளி)

பதில்: இல்ல தம்பி, இது நிஜம். அவர் மத்திய ஆசியாவுல இருந்த புகாராவோட அமீர், எடுத்தவர் புரோகுடின் கோர்ஸ்கி, ரஷ்யாக்காரர், கெமிஸ்ட்ரி படிச்சவர். நீளமான ஒரே கண்ணாடி பிளேட்ல மூணு தடவை அடுத்தடுத்து எடுப்பார், நீல ஃபில்டர் ஒண்ணு, பச்சை ஒண்ணு, சிவப்பு ஒண்ணு. மூணுமே பிளாக் அண்ட் ஒயிட்தான், மூணையும் அதே கலர் வெளிச்சத்துல ஒண்ணு மேல ஒண்ணா திரைல போட்டா கலர் வந்துரும், உன் மொபைல் திரையும் இந்தக் கணக்குலதான் ஓடுது. யோசனை அவரோடது இல்ல, மேக்ஸ்வெல்னு ஒரு விஞ்ஞானி 1861லயே லண்டன்ல ஒரு ரிப்பனை வச்சு செஞ்சு காட்டிட்டார். கோர்ஸ்கி ஜார் மன்னர் ஆதரவோட ரயில்ல ஒரு டார்க் ரூமையே வச்சுக்கிட்டு நாடு பூரா சுத்தினார், புரட்சிக்கப்பறம் 1918ல நாட்ட விட்டுப் போயிட்டார். அவர் பிளேட்டுகள 1948ல அமெரிக்காவோட லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் வாங்கி வச்சது, கம்ப்யூட்டர்ல மூணையும் சேத்து நாம பாக்கற மாதிரி ஆனது ரொம்பப் பின்னாடி.

சந்தேகமா இருந்தா அவரோட ஆத்துப் படங்களப் பாரு. ஓடற தண்ணி, புகை, அசைஞ்ச குழந்தைங்க, இதுல எல்லாம் சிவப்பு பச்சை நீலம்னு ஓரம் பிரிஞ்சு நிக்கும், மூணு ஷாட்டுக்கு நடுவுல அது நகந்துருச்சு இல்ல. கைல கலர் அடிக்கிறவன் தண்ணிய அப்படி அடிக்க மாட்டான்.

கேள்வி: உருளைக்கிழங்குல கலர் போட்டோ எடுத்தாங்கன்னு என் பையன் சொல்றான், கிண்டல் பண்றானா? (ஜெயநகர் அம்மா ஒருத்தர்)

பதில்: பையன் சொல்றது நூத்துக்கு நூறு சரிங்க. சினிமா காட்டின லூமியேர் சகோதரர்கள்தான் இதுக்கும் காரணம், பேர் ஆட்டோக்ரோம், 1903ல பேடன்ட், 1907ல கடைக்கு வந்துச்சு. உருளைக்கிழங்கு மாவு, நீங்க துணிக்கு கஞ்சி போடறீங்களே அந்த மாதிரி ஸ்டார்ச், அத சலிச்சு சலிச்சு கண்ணுக்கே தெரியாத அளவு நைஸா எடுத்து, மூணு பங்காக்கி ஆரஞ்சு கலந்த சிவப்பு, பச்சை, ஊதா கலந்த நீலம்னு சாயம் ஏத்தி, மூணையும் கலந்து ஒட்டுற பசை தடவின கண்ணாடி மேல ஒரே ஒரு அடுக்கா தூவுவாங்க. சதுர அங்குலத்துக்கு சுமார் 40 லட்சம் துகள்னு கணக்கு. நடுவுல இருக்கற சந்த கரித்தூளால அடைச்சு, ரோலர் வச்சு நசுக்கி, அது மேல போட்டோ மருந்து பூச்சு. கேமராவுல பிளேட்ட திருப்பிப் போடணும், வெளிச்சம் மாவு வழியா வந்துதான் மருந்துல படணும், அப்பதான் ஒவ்வொரு துகளும் அதோட கலர மட்டும் உள்ள விடும். கழுவி எடுத்தா அதே கண்ணாடிதான் படம், வெளிச்சத்துக்கு நேரா புடிச்சுப் பாக்கணும். நம்ம வீட்டு மொசைக் தரைய தூரத்துல இருந்து பாத்தா கல்லெல்லாம் கலந்து ஒரே கலரா தெரியுமே, கிட்டத்தட்ட அந்தக் கதைதான்.

வெளிச்சம் நிறைய குடிக்கும், நல்ல வெயில்லயே ஒரு செகண்ட், மேகம்னா அதுக்கும் மேல, அதனால யாரும் அசையக்கூடாது. அதோட நெகட்டிவ் கிடையாது, பிளேட் கீழ விழுந்தா படம் போச்சு. பாரிஸ் பேங்கர் ஆல்பர்ட் கான் இத நம்பி ஆள் அனுப்பி 1909ல இருந்து 1931 வரைக்கும் ஏறக்குறைய 72,000 பிளேட் சேத்தார், அவர் அனுப்பின ஸ்டெஃபான் பாஸே 1913-14ல இந்தியாவுக்கும் வந்துட்டுப் போயிருக்கார். அந்த மாதிரி படத்துல ஒரு புடவை பச்சையா தெரிஞ்சா கொஞ்சம் முன்ன பின்ன பச்சைதான், அல்சூர் தோழி கேட்ட மாதிரி யாரும் சண்டை போட வேண்டாம். நம்ம ஊர் ஸ்டுடியோவுக்கு இந்தச் செலவெல்லாம் கட்டுப்படியாகாது, அதான் ஈர்க்குச்சி.

கேள்வி: தாத்தா போட்டோவ ஒரு ஆப்ல போட்டேன், ஒரு நிமிஷத்துல கலராயிருச்சு. அதையே பிரிண்ட் போட்டு மாட்டிடவா? (வைட்ஃபீல்ட்)

பதில்: மாட்டுங்க, யார் வேணாங்கறா. ஆனா முதல்ல ஒரிஜினல பெரிய சைஸ்ல, பின்பக்கத்தையும் சேத்து ஸ்கேன் பண்ணி வைங்க, பின்னாடி பென்சில்ல ஸ்டுடியோகாரர் ஏதாவது குறிச்சு வச்சிருக்கலாம். ஆப்புக்கு உங்க தாத்தா தலைப்பாகை என்ன கலர்னு தெரியாது, ஆயிரக்கணக்கான வேற போட்டோவப் பாத்து ஒரு யூகம் அடிக்குது, சிவப்பு கருப்பா விழும்ங்கற சமாச்சாரமும் பல சமயம் அதுக்குப் பிடிபடல. வீட்ல பெரியவங்க இருந்தா கேட்டுட்டு கலர மாத்திப் போடுங்க, பிரிண்ட் ஓரத்துல "2020கள்ல கலர் போட்டது"ன்னு சின்னதா எழுதிடுங்க, உங்க பேரன் எனக்கு லெட்டர் போட்டுக் கேக்க வேண்டியிருக்காது.