தேதி சொல்லக் கற்றுக்கொள்வது – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

எனக்கு 28 வயது. சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். பெங்களூருக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் டெஸ்டிங் எஞ்சினியர். போன மாதம் மேனேஜர் கூப்பிட்டு, "அடுத்த ப்ராஜெக்ட்ல கோஆர்டினேஷனை நீயே பார்த்துக்கோ, நல்லா வந்தா ப்ராஜெக்ட் மேனேஜர் ஆக்கிடலாம்" என்றார். சந்தோஷமாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் படிக்கலாம் என்று யூடியூபைத் திறந்தால் 'அடிப்படை முதல் உயர்நிலை வரை' என்று மணிக்கணக்கில் வகுப்புகள். ஒருவர் எந்த வேலை எந்த நாள்களில் என்று பட்டை போட்டுக் காட்டும் கான்ட் சார்ட்டில் தொடங்குகிறார். இன்னொருவர் அஜைல் தவிர மற்றதெல்லாம் பழசு என்கிறார். ஒரு பயிற்சி நிலையத்தில் உடனே பிஎம்பி என்ற சான்றிதழ் தேர்வை எழுதச் சொல்லி பெரிய தொகை கேட்கிறார்கள். என் இங்கிலீஷும் சுமார்தான். மீட்டிங்கில் டெல்லி, மும்பை ஆட்கள் சரளமாகப் பேசும்போது நான் வாயே திறப்பதில்லை. எங்கே ஆரம்பிப்பது, எந்த வரிசையில் போவது என்று சொல்வீர்களா?

ச.,
பொம்மனஹள்ளி

*

அன்புள்ள ச.,

முதலில் பணத்தைக் காப்பாற்றுகிறேன். பிஎம்பி தேர்வை இப்போது உங்களால் எழுத முடியாது. அதை நடத்தும் பிஎம்ஐ என்ற அமைப்பு, பட்டதாரிகளிடம் 36 மாதம் ப்ராஜெக்டுகளை வழிநடத்திய அனுபவமும் 35 மணி நேரப் பயிற்சியும் கேட்கிறது. ஐந்து வருடம் டெஸ்டிங் செய்தது அந்தக் கணக்கில் தானாகச் சேராது. இதைச் சொல்லாமல் உங்களிடம் பணம் கேட்கிற இடத்துக்குத் திரும்பப் போகாதீர்கள். அனுபவம் இல்லாதவர்களுக்கென்று அதே அமைப்பு சிஏபிஎம் என்ற தேர்வு வைத்திருக்கிறது. அதற்கு 23 மணி நேரப் படிப்பு போதும். ரெஸ்யூமேயில் ஒரு வரி வேண்டுமென்றால் அதை எழுதலாம். தப்பில்லை, அவசரமும் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ப்ராஜெக்ட் மேனேஜர் கடைசியில் தருவது ஒரு தேதி. அந்தத் தேதியை நம்பி விளம்பரத்துக்குச் சொல்கிறார்கள், வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுக்கிறார்கள், யாரோ ஊருக்கு டிக்கெட் போடுகிறார்கள். நம்பக்கூடிய தேதியைச் சொல்வது, அது தவறப் போகிறது என்றால் முன்கூட்டியே சொல்வது, இந்த இரண்டும்தான் வேலை. நீங்கள் கேட்ட அடிப்படை, உயர்நிலை எல்லாவற்றையும் நான் இதை வைத்தே பார்க்கிறேன்.

ஆரம்பத்துக்கு ஒரு எக்ஸெல் ஷீட் போதும். ஜிரா, எம்எஸ் ப்ராஜெக்ட் மாதிரி திட்டமிடும் மென்பொருள்களைக் கம்பெனி கொடுத்தால் கற்றுக்கொள்ளுங்கள், ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும். ஷீட்டில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி: யார் செய்கிறார், எப்போது தருவதாகச் சொன்னார், எப்போது வந்தது. அவ்வளவுதான். விடாமல் இரண்டு மூன்று மாதம் எழுதுங்கள். எந்த டீம் மூன்று நாள் என்றால் ஐந்து நாள் ஆகிறது, யார் சொன்ன நாளில் கொடுக்கிறார், எந்த அப்ரூவல் எப்போதும் வியாழக்கிழமை கமிட்டிக்காகக் காத்திருக்கிறது என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். இதை வைத்து யாரையும் மாட்டிவிடக் கூடாது. அடுத்த தேதியை ஒழுங்காகச் சொல்ல மட்டும்தான் இது.

இதில் நீங்கள் டெஸ்டராக இருந்தது பெரிய பலம். 'முடிஞ்சிடுச்சு' என்று ஒருவர் சொன்னால் எது முடிந்தது என்று கேட்க உங்களுக்குத் தெரியும். கோட் எழுதி முடித்ததா, ரிவ்யூ முடிந்ததா, டெஸ்ட் சர்வரில் ஏறியதா? வேலை தொடங்கும்போதே ஒவ்வொன்றுக்கும் எதை முடிவு என்று வைத்துக்கொள்கிறோம் என்று பேசி எழுதிவிடுங்கள். பாதிச் சண்டை அதிலேயே குறைந்துவிடும்.

அடுத்து, எது எதற்காகக் காத்திருக்கிறது என்று பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். இதை ஒரு உதாரணத்தோடு மெதுவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வகுப்புகளில் இதைப் படம் போட்டுவிட்டு ஓடிவிடுகிறார்கள். ஒரு கடன் கம்பெனியின் ஆப்பில் யுபிஐ மூலம் தவணை கட்டும் வசதி வர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடிங்குக்கு 12 நாள். அது நடக்கும்போதே இன்னொரு பக்கம் செக்யூரிட்டி டீமின் ஒப்புதல், 5 நாள். அந்த ஒப்புதல் வந்த பிறகுதான் நெட்வொர்க் ஆட்கள் ஃபயர்வாலை, அதாவது வெளித் தொடர்பைத் தடுக்கும் பாதுகாப்பு அமைப்பை, திறப்பார்கள், 8 நாள். இரண்டு பக்கமும் முடிந்தால்தான் எல்லாவற்றையும் இணைத்துச் சோதிக்கும் இன்டக்ரேஷன் டெஸ்டிங், 6 நாள். அதற்கப்புறம் வாடிக்கையாளர் தரப்பே சோதித்துப் பார்க்கும் யூஏடி, 5 நாள்.

எல்லார் கண்ணும் கோடிங் மேல்தான் இருக்கும். தினமும் டெவலப்பரிடம்தான் "எவ்வளவு ஆச்சு?" என்று கேட்பார்கள். ஆனால் ஒப்புதலும் ஃபயர்வாலும் சேர்ந்தால் 13 நாள், கோடிங்கைவிட ஒரு நாள் அதிகம். மொத்தம் 24 வேலைநாள். டெவலப்பர் ராத்திரி உட்கார்ந்து 10 நாளில் முடித்தாலும் அதே 24 நாள்தான். ஒப்புதலுக்கான ஃபாரத்தை நான்கு நாள் தாமதமாகக் கொடுத்தால் அது 28 ஆகிவிடும். முடிவுத் தேதியைத் தீர்மானிக்கிற அந்த நீளமான சங்கிலிக்குத்தான் கிரிட்டிகல் பாத் என்று பெயர். 1950களின் கடைசியில் அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனியில் இந்த முறையை உருவாக்கினார்கள். ஏறக்குறைய அதே சமயத்தில் அமெரிக்கக் கடற்படை, பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக பெர்ட் என்ற முறையைக் கொண்டுவந்தது. பழசு என்று ஒதுக்குகிறவர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். ஒன்று முடியாமல் இன்னொன்று தொடங்காது என்ற நிலை இருக்கிறவரை இந்தக் கணக்கும் இருக்கும்.

மேலே ஃபயர்வாலுக்கு 8 நாள் எங்கிருந்து வந்தது? அது பெர்ட் கணக்கு. நெட்வொர்க் ஆளிடம் மூன்று கேள்வி: எல்லாம் நன்றாக நடந்தால் எத்தனை நாள்? 3. வழக்கமாக? 6. சிக்கலானால்? 21. நடுவில் உள்ளதை நாலால் பெருக்கி மற்ற இரண்டையும் கூட்டி ஆறால் வகுத்தால் 8. வெறுமனே "எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டிருந்தால் 6 என்று சொல்லியிருப்பார், நீங்களும் எழுதியிருப்பீர்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லும்போதுதான் "அந்த வாரம் ஆயுத பூஜை லீவு வருது", "அந்த ஒருத்தர்கிட்டதான் ஆக்சஸ் இருக்கு" என்பதெல்லாம் வாயில் வரும். எனக்கு அந்த 8-ஐவிட இந்தப் பேச்சுதான் முக்கியம். ரிஸ்க் பட்டியல் என்று தனியாகப் படிக்கப்போகிறீர்களே, அது இப்படித்தான் நிரம்புகிறது.

நீங்கள் இருக்கிற இடத்திலேயே இதற்குப் பெரிய உதாரணம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை போகும் மெட்ரோ மஞ்சள் வழித்தடம். பாலமும் நிலையங்களும் பெருமளவு தயாராகி நின்றன. ரயில் பெட்டிகள் வந்து சேரவில்லை. கடைசியில் 2025 ஆகஸ்டில் மூன்றே ரயில்களோடு, 25 நிமிடத்துக்கு ஒன்று என்று தொடங்கினார்கள். சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் நின்றவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தது பாலத்தைத்தான். தேதியோ பெட்டிகளின் கையில் இருந்தது.

சரி, அந்தச் சங்கிலியை எப்படிச் சுருக்குவது? ஆட்களை ராத்திரியும் உட்கார வைப்பதுதான் நம் ஊரில் முதலில் தோன்றும் வழி. பாம்பனைப் பாருங்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது பாம்பன் ரயில் பாலத்தின் கர்டர்களும், அதாவது தண்டவாளத்தைத் தாங்கும் உத்தரங்களும், கடலில் விழுந்தன. சரிசெய்ய ஆறு மாதம் என்று ரயில்வே கெடு வைத்தது, பிறகு அது மூன்று மாதமாகச் சுருங்கியது. பொறுப்பில் இருந்த இளம் எஞ்சினியர் ஈ. ஸ்ரீதரன், பின்னாளில் டெல்லி மெட்ரோவைக் கட்டியவர், 46 நாளில் முடித்தார். கடலில் கிடந்த கர்டர்களையே தூக்கியெடுத்து மறுபடி பொருத்தியது அதில் பெரிய பங்கு. புதிதாகக் கர்டர் வரும்வரை காத்திருக்க வேண்டிய கட்டமே சங்கிலியிலிருந்து கழன்றுவிட்டது. இராப்பகலாக உழைத்தார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் எந்த இடத்தில் உழைத்தால் நாள் குறையும் என்று கண்டுபிடித்ததைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வேன்.

அஜைல் பற்றி நிறையக் குழப்பிக்கொள்ள வேண்டாம். என்ன வேண்டும் என்பதே போகப்போகத்தான் தெரியும் என்கிற வேலைக்கு, சின்னச் சின்னத் துண்டாகச் செய்து காட்டித் திருத்திக்கொள்ளும் முறை அது. அஜைல் முறைகளில் ஒன்றான ஸ்க்ரமுக்கு வழிகாட்டி இணையத்தில் இலவசம், 2020 பதிப்பு 13 பக்கம்தான். எந்த வகுப்புக்கும் முன்னால் அதைப் படித்துவிடுங்கள். தினசரி ஸ்க்ரம் என்ற கூட்டம் 15 நிமிடம் என்று அதிலேயே இருக்கிறது. நீங்கள் பொறுப்பெடுத்ததும் அந்த 15 நிமிடத்தைக் காப்பாற்றினாலே டீம் உங்களை வாழ்த்தும்.

இங்கிலீஷ் பற்றிய உங்கள் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இந்தத் தொழிலில் சரளமாகப் பேசுகிறவரைவிடத் தெளிவாக எழுதுகிறவருக்குத்தான் மதிப்பு. மீட்டிங்கில் பேசத் தயக்கமா? முடிந்த அரை மணி நேரத்துக்குள் மெயில் போடுங்கள். என்ன முடிவானது, யார் செய்கிறார், எந்தத் தேதிக்குள். தாமதம் வந்தால் இப்படி எழுதுங்கள் (ஏபிஐ என்பது இரண்டு மென்பொருள்கள் பேசிக்கொள்ளும் இணைப்பு): "வெள்ளிக்கிழமை வர வேண்டிய ஏபிஐ இன்னும் வரவில்லை. திங்கள் மாலைக்குள் வராவிட்டால் டெஸ்டிங் இரண்டு நாள் தள்ளும். ரிலீஸ் 18-ஆம் தேதியிலிருந்து 20-க்குப் போகும். வென்டாரிடம் நீங்கள் ஒருமுறை பேசினால் இதைத் தவிர்க்கலாம்." என்ன நடந்தது, அதனால் என்ன ஆகும், எனக்கு என்ன உதவி வேண்டும் என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. இதைச் சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியங்களில் எழுத உங்களால் முடியும். டெஸ்டராக பக் ரிப்போர்ட் எழுதி வந்தவர்தானே நீங்கள்! ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த மெயில் வெள்ளிக்கிழமை சாயங்காலமே போக வேண்டும். 17-ஆம் தேதி போனால் யாருக்கும் பயனில்லை.

உயர்நிலை என்று நான் நினைப்பது இதற்கு மேல் இரண்டு மூன்று விஷயங்கள். ஒன்று, பணத்தையும் வேலையையும் சேர்த்துப் பார்ப்பது. 20 லட்சத்துக்கான வேலை. இன்றைக்குள் 10 லட்சத்துக்கான வேலை முடிந்திருக்க வேண்டும். செலவு 9 லட்சம். மேலே இருப்பவர் இதைப் பார்த்து மிச்சம் என்று சந்தோஷப்படுவார். உண்மையில் முடிந்தது 7 லட்சத்துக்கான வேலை மட்டும்தான் என்றால்? 7 லட்சத்து வேலைக்கு 9 லட்சம் போயிருக்கிறது, இதே போக்கில் போனால் 20 லட்சம் என்பது 26 லட்சத்தை நெருங்கிவிடும். இந்தக் கணக்குக்கு ஏர்ன்ட் வேல்யூ என்று பெயர், தேடிப் படியுங்கள்.

இன்னொன்று, முடியாது என்று சொல்வது. தாமதமான ப்ராஜெக்டில் "இன்னும் மூணு பேரைப் போடுறேன், தேதி மாறக் கூடாது" என்பார்கள். தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று மென்பொருள் நிபுணர் ஃப்ரெட் புரூக்ஸ் 1975-லேயே சொல்லிவிட்டார். ஐந்து பேருக்குள் பேசிக்கொள்ள 10 இணைப்புகள். எட்டுப் பேர் என்றால் 28. புதிதாக வந்தவருக்குச் சொல்லிக்கொடுப்பதும் பழைய ஆள்தான். இதை உங்கள் ஷீட்டைக் காட்டி, மரியாதையாக, மாற்று வழியோடு சொல்ல வேண்டும்: தேதி மாறக் கூடாதென்றால் இந்த இரண்டு வசதிகளை அடுத்த ரிலீஸில் வைத்துக்கொள்வோமா? இதற்குத் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சல் கையில் இருக்கிற பதிவிலிருந்து வரும். அதனால்தான் எக்ஸெலில் தொடங்கச் சொன்னேன்.

பிஎம்ஐயின் கிளை பெங்களூரிலேயே இருக்கிறது. அவர்கள் கூட்டங்களுக்கு ஒன்றிரண்டு தடவை போய்வாருங்கள். கட்டடம், மருந்து என்று வேறு துறைக்காரர்களிடம் பேசினால் நம் மென்பொருள் உலகத்துக்கு வெளியே இந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரியும்.

அப்புறம், மேனேஜரிடம் 'சரி' சொல்வதற்கு முன்னால் அவரிடம் மூன்று விஷயம் கேட்டுவிடுங்கள். என் டெஸ்டிங் வேலையில் எவ்வளவு குறையும்? வேறு டீம் தராமல் இழுத்தால் நான் யாரிடம் போக வேண்டும்? தேதியையோ வேலையின் அளவையோ மாற்ற வேண்டி வந்தால் முடிவெடுப்பது யார்? கோஆர்டினேஷன் என்ற பெயரில் பழைய வேலையை அப்படியே வைத்துக்கொண்டு இதையும் தலையில் கட்டுவது நிறைய இடங்களில் நடக்கிறது, அதுவும் மறுத்துப் பேசாத பெண்களிடம். பதிலை வாய்வார்த்தையாக விடாமல் மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணா