பதில்: சிகாகோவில் என் கடைக்குக் கோடைக்கால வேலைக்கு இரண்டு பையன்களை எடுக்கலாமா?

"எட்டு வாரம் பெட்டி அடுக்கினால் துப்பாக்கிச் சண்டை நின்றுவிடுமா?" என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான சந்தேகம். ஆனால் உங்கள் ஊரிலேயே 2012 கோடையில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். வன்முறை மிகுந்த பகுதிகளின் 13 பள்ளிகளிலிருந்து விண்ணப்பித்த 1,634 மாணவர்களில் குலுக்கல் முறையில் சிலருக்கு மட்டும் வேலை: எட்டு வாரம், வாரம் 25 மணி நேரம், குறைந்தபட்சக் கூலி. அடுத்த 16 மாதங்களில், வேலை கிடைத்தவர்கள் வன்முறைக் குற்றங்களில் கைதானது 43 சதவீதம் குறைவு. அதிலும் பெரும்பகுதி வேலை முடிந்த பிறகு வந்த குறைவு. அதாவது, பையனைத் தெருவில் நிற்கவிடாமல் பிடித்துவைத்ததால் மட்டும் வந்ததில்லை. திருட்டு வழக்குகள் குறையவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தத் திட்டத்தில் மாணவர்களுக்கு வழிகாட்டப் பெரியவர்கள் இருந்தார்கள். உங்கள் கடையில் அந்த இடத்தில் நீங்கள்தான் நிற்க வேண்டும்.

என்னிடம் ஒரு கோடையில் வேலை பார்த்த பையன் தினமும் இருபது நிமிடம் தாமதமாக வருவான். திட்டினேன். அப்புறம்தான் தெரிந்தது, நேராக வரும் வழியில் ஒரு தெருமுனையை, அங்கே நிற்கும் கும்பலுக்குப் பயந்து, அவனால் தாண்ட முடியாது. அதற்காக இரண்டு பஸ் மாறி, சுற்றி வருகிறான். நேரத்தை அரை மணி தள்ளிவைத்தேன், சரியாகிவிட்டது.

எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே, எந்த வழியாக வருவாய் என்று கேட்டுவிடுங்கள்.